நூறில் கோடு போட்டது யார்?

சென்ற இதழின் கேள்வி-பதிலில், பொறியியல் இளநிலை வகுப்புகளில் நானோ தொழில்நுட்பம் பெரும்பாலும் அதிசயங்களின் படக்காட்சியாகவே நடக்கிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். சிலர் சண்டைக்கு வந்தார்கள். வேறு சிலர், அப்படியானால் எப்படித்தான் நடத்துவது என்று கேட்டார்கள். இந்த முறை பகுதி முழுவதும் அவர்களுக்கே. நான் உலோகவியல் படித்தவள், அதைத்தான் நடத்துகிறவளும். பதில்கள் உலோகங்களின் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, நான் மின்னணுவியல் விரிவுரையாளன். நானோ தொழில்நுட்ப எலெக்டிவை இந்த ஆண்டு என் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் வகுப்பில் என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்)

பதில்: தலைமுடியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு முடியின் பருமன் 80,000 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் இருக்கும் என்பதை அவர்கள் பள்ளிக்கூடத்திலேயே கேட்டுவிட்டு வந்திருப்பார்கள். அதைக் கேட்டதால் எதையாவது கணக்கிட முடிந்ததா என்றால், இல்லை.

ஒரு சிடி, ஒரு டிவிடி, ஒரு புளூ-ரே, சக்தி குறைந்த ஒரு சிவப்பு லேசர் சுட்டி. இவற்றை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். சிடியில் அடுத்தடுத்த தடங்களுக்கு நடுவே 1600 நானோமீட்டர், டிவிடியில் 740, புளூ-ரேயில் 320. இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர் என்பதை மட்டும் சொல்லுங்கள். சிடியின் மீது ஒளி நேராக விழும்போது முதல் வரிசைப் புள்ளி சுமார் 24 டிகிரியில் சிதறும். டிவிடியில் அது 61 டிகிரிக்குப் போய்விடும். கோணத்தை மாணவர்களே அளந்து, தட இடைவெளியைப் பின்னோக்கிக் கணக்கிடட்டும். இயற்பியல் பாடத்தில் படித்த அதே விளிம்பு விளைவுச் சமன்பாடுதான்.

மூன்றாவது தட்டில்தான் விஷயம் இருக்கிறது. அதில் பக்கவாட்டுப் புள்ளியே வராது. ஒளி நேரே திரும்பும், அவ்வளவுதான். எல்லோரும் லேசரை ஆட்டி ஆட்டிப் பார்ப்பார்கள். 650-ஐ 320-ஆல் வகுத்தால் 2-ஐத் தாண்டுகிறது. சைன் மதிப்பு 1-க்கு மேல் போகாது. ஆக அப்படி ஒரு கோணமே கிடையாது. தடங்கள் அங்கேதான் இருக்கின்றன, நம் ஒளியால் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. எலெக்ட்ரான் நுண்ணோக்கி எதற்கு என்பதை அதற்குப் பிறகு நீங்கள் விளக்கவே வேண்டாம், அவர்களே கேட்பார்கள்.

விவகாரமான மாணவர் ஒருவர் எந்த வகுப்பிலும் இருப்பார். 405 நானோமீட்டர் ஊதா லேசர் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பார். நேராகப் பட்டால் அப்போதும் புள்ளி வராது. ஆனால் தட்டைச் சாய்த்தால் வரும். சுமார் 39 டிகிரி சாய்க்கும்போது ஒளி வந்த வழியிலேயே திரும்பும். அதை அவரையே கணக்கிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஊதா லேசரைக் கையில் மட்டும் கொடுக்காதீர்கள், கண்ணுக்கு ஆபத்து.

அடுத்த வகுப்பில் அணுக்களை எண்ண வையுங்கள். நடுவில் ஓர் அணு, அதைச் சுற்றி 12, அதற்கு மேல் 42, பிறகு 92, 162, 252 என்று அடுக்குகள் ஏறிக்கொண்டே போகும். அடுக்கு எண்ணை வர்க்கமாக்கி, 10-ஆல் பெருக்கி, 2-ஐக் கூட்டினால் அந்த அடுக்கில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். 13 அணுக்கள் கொண்ட கொத்தில் 12 அணுக்கள் மேற்பரப்பில் இருக்கின்றன. 55 உள்ள கொத்தில் 42. ஐந்து அடுக்கு ஏறி 561 அணுக்கள் ஆன பிறகும் ஏறக்குறைய பாதி வெளியேதான் நிற்கிறது. தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும் என்று பாடநூல் சொல்வது, கிட்டத்தட்ட எல்லா அணுக்களும் உள்ளே இருக்கிற தங்கத்துக்கு. இரண்டு மூன்று நானோமீட்டர் துகள் அதைவிடப் பல நூறு டிகிரி குறைவிலேயே உருகிவிடும். சுற்றிலும் துணை இல்லாத அணு சீக்கிரம் இடம்பெயரும். இதற்கு ஸ்லைடு தேவையில்லை, கரும்பலகையே போதும்.

கேள்வி: 1 முதல் 100 நானோமீட்டர் வரைதான் நானோ என்கிறார்கள். 101 என்றால் என்ன குறைந்துவிடும்? நூறில் கோடு போட்டது யார்? (மூன்றாம் ஆண்டு மாணவி)

பதில்: நல்ல கேள்வி. எலெக்டிவ் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தால் எனக்குப் பரம திருப்தி.

நூறு என்பது நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு. 2000-இல் தொடங்கிய அமெரிக்க தேசிய நானோ திட்டம் 'ஏறத்தாழ 1 முதல் 100' என்று எடுத்துக்கொண்டது. 2011-இல் ஐரோப்பிய ஆணையம் ஒரு வரையறையைப் பரிந்துரைத்தது. அதன்படி, துகள்களை எண்ணிக்கையில் எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதிக்குக் குறையாமல் அந்த அளவுக்குள் இருந்தால் அது நானோ பொருள். சட்டத்துக்கும் நிதிக்கும் ஒரு கோடு வேண்டியிருக்கிறது, போட்டுக்கொண்டார்கள். இயற்கைக்கு அது தெரியாது.

ஒவ்வொரு பண்புக்கும் அதனதன் நீளம் ஒன்று உண்டு. பொருளின் அளவு அந்த நீளத்தை நெருங்கும்போதுதான் அந்தப் பண்பு மாறத் தொடங்கும். அறை வெப்பநிலையில் தாமிரத்துக்குள் ஓர் எலெக்ட்ரான் மோதாமல் போகும் சராசரித் தூரம் சுமார் 39 நானோமீட்டர். சில்லுக்குள் இருக்கும் தாமிரக் கம்பி அதைவிட மெலிந்தால் எலெக்ட்ரான்கள் சுவரிலும் படிக எல்லைகளிலும் மோத ஆரம்பிக்கின்றன. மின்தடை எண் பாடநூல் மதிப்பைத் தாண்டிவிடும். காட்மியம் செலினைடு என்ற குறைகடத்தியில் நிறம் மாறத் தொடங்குவது சுமார் 5 நானோமீட்டர் அளவில். இரும்பு ஆக்சைடுத் துகள் 20 நானோமீட்டரை ஒட்டிச் சுருங்கும்போது நிரந்தரக் காந்தமாக இருக்கும் தன்மையை இழந்துவிடுகிறது. வெப்பம் அதன் காந்தத் திசையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கோ 400 முதல் 700 வரையுள்ள அலைநீளமே அளவுகோல். அதனால் 200 நானோமீட்டர் அமைப்புகூட ஒளியைப் பொறுத்தவரை 'சின்னது'தான்.

ஆகவே '50 நானோமீட்டர் பொருள் நானோவா?' என்று ஒருவர் கேட்டால், 'எந்தப் பண்புக்கு?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். என் வகுப்பில் இந்த எதிர்க்கேள்வியைக் கேட்கப் பழகிய மாணவருக்கு மற்ற விஷயங்களைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

கேள்வி: நான் மெக்கானிக்கல். குவாண்டம் புள்ளி, கிராஃபீன் எல்லாம் எனக்கு எதற்கு? கிரெடிட்டுக்காக எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். (இரண்டாம் ஆண்டு மாணவர்)

பதில்: தம்பி, உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுழலும் தட்டுக்கு மேலே அதன் தலை சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. சாதாரண அழுத்தத்தில் காற்று மூலக்கூறு ஒன்று இன்னொன்றின் மீது மோதாமல் போகும் சராசரித் தூரம் ஏறக்குறைய 68 நானோமீட்டர். தலைக்கும் தட்டுக்கும் இடையே உள்ள காற்றை, பாய்ம இயக்கவியலில் நீங்கள் படித்தபடி 'தொடர்ச்சியான பாய்மம்' என்று எடுத்துக்கொள்ளவே முடியாது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதைவிடச் சுவரில்தான் அதிகம் மோதுகின்றன. சுவரையொட்டி வேகம் பூஜ்யம் என்ற நிபந்தனை அங்கே செல்லாது. அந்த இடைவெளியை வடிவமைத்தவர்கள் பெரும்பாலும் உங்கள் துறைக்காரர்கள்.

இன்னொன்று என் பக்கத்து விஷயம், கொஞ்சம் நீளமாகவே சொல்வேன். உலோகத்தின் படிகத் துணுக்கைச் சிறிதாக்கினால் வலிமை கூடும். ஹால் 1951-லும் பெட்ச் 1953-லும் காட்டியது: துணுக்கு அளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் வலிமை ஏறுகிறது. துணுக்கு எல்லைகள் இடப்பெயர்வுகளை, அதாவது படிக அடுக்கில் நகரும் பிழைக்கோடுகளை, தடுத்து நிறுத்துவதுதான் காரணம். அப்படியானால் துணுக்கைக் குறைத்துக்கொண்டே போனால் வலிமை எல்லையின்றி ஏறுமா? ஏறாது. பத்துப் பதினைந்து நானோமீட்டரை ஒட்டி அது நின்றுவிடும், சில உலோகங்களில் இறங்கவும் செய்யும். அந்த அளவில் துணுக்குக்குள் இடப்பெயர்வுகள் குவிய இடமே இல்லை. எல்லைகளே ஒன்றின் மேல் ஒன்று வழுக்க ஆரம்பிக்கின்றன. ஒரே பொருள், ஒரே வரைபடம், நடுவில் இயங்குமுறை மட்டும் மாறிவிடுகிறது. கிராஃபீன் படத்தைக் காட்டி வாய் பிளக்க வைப்பதைவிட, இந்த வளைவு எங்கே திரும்புகிறது, ஏன் திரும்புகிறது என்று ஒரு மணி நேரம் சண்டை போட வைப்பது எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: ஸ்ரோடிங்கர் சமன்பாட்டை எழுதினாலே வகுப்பு தூங்கிவிடுகிறது. குவாண்டம் இயக்கவியல் இல்லாமல் நானோ நடத்த முடியுமா? (உதவிப் பேராசிரியர், இயற்பியல்)

பதில்: இல்லாமல் முடியாது. ஆனால் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியதும் இல்லை. பெட்டிக்குள் அடைபட்ட எலெக்ட்ரான் ஒன்று போதும். விடையை நேராகக் கொடுத்துவிட்டு எண்களைப் போடச் சொல்லுங்கள்.

1 நானோமீட்டர் அகலப் பெட்டியில் எலெக்ட்ரானின் மிகக் குறைந்த ஆற்றல் சுமார் 0.38 எலெக்ட்ரான் வோல்ட். அகலத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால், 10 நானோமீட்டரில் அது 0.0038 ஆகிவிடும். இப்போது அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலைப் பக்கத்தில் எழுதுங்கள்: சுமார் 0.026. முதல் எண் அதைவிடப் பதினான்கு மடங்கு பெரியது, இரண்டாவது அதற்குள் காணாமல் போகிறது. குவாண்டம் விளைவு எப்போது தெரியும், எப்போது வெப்பத்தில் மூழ்கிவிடும் என்பதை இந்த ஒப்பீடே சொல்லிவிடும்.

அதோடு நிறுத்தாதீர்கள். குறைகடத்திக்குள் எலெக்ட்ரான் தன் உண்மை நிறையைவிட இலேசானதைப் போல நடந்துகொள்கிறது. காட்மியம் செலினைடில் அந்தப் பயனுறு நிறை சுமார் 0.13 மடங்குதான். அதைப் போட்டுக் கணக்கிட்டால் 5 நானோமீட்டரில் ஆற்றல் 0.12 எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வரும். 10 நானோமீட்டரில் வெப்ப ஆற்றலுக்குக் கிட்டத்தட்டச் சமமாகும். மேலே அந்த மாணவிக்குச் சொன்ன 5 நானோமீட்டர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? ஒரு பரிமாணப் பெட்டி என்பதால் இது தோராயம்தான், ஆனாலும் சரியான இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது. 2023-இல் பவெண்டி, புரூஸ், யெகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது குவாண்டம் புள்ளிகள் எனப்படும் இந்தக் குறைகடத்தி நானோ துகள்களுக்காக. ஒரே பொருள், 2 நானோமீட்டரில் நீலம், 6-இல் சிவப்பு. நோபல் செய்தியைக் கணக்குக்குப் பிறகு சொல்லுங்கள். முன்னால் சொன்னால் கணக்கை யாரும் போட மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி இல்லை. அணுவிசை நுண்ணோக்கியும் இல்லை. லேப் இல்லாமல் நானோ நடத்துவது ஊரை ஏமாற்றுவது இல்லையா? (துறைத் தலைவர்)

பதில்: நுண்ணோக்கி இல்லாதது குறைதான். அதற்காக லேபே கிடையாது என்று முடிவுகட்ட வேண்டாம். கண்ணாடிப் பாத்திரங்களும் சூடாக்கும் தட்டும் இருந்தால் வேண்டிய அளவு செய்யலாம்.

முதலில் தங்கக் கூழ்மம். டர்கெவிச் 1951-இல் வெளியிட்ட முறை. 1 மில்லிமோலார் குளோரோ ஆரிக் அமிலக் கரைசல் 20 மில்லிலிட்டரை நன்றாகக் கலக்கியபடி கொதிக்க வைத்து, 1 சதவீத ட்ரைசோடியம் சிட்ரேட் 2 மில்லிலிட்டரை விட வேண்டும். வெளிர் மஞ்சள் நிறம் போய், சற்றே கறுத்து, சில நிமிடங்களில் மாணிக்கச் சிவப்பாகும். துகள்கள் பத்துப் பதினைந்து நானோமீட்டர். பாத்திரம் படு சுத்தமாக இருக்க வேண்டும். அமிலம் அரிக்கக்கூடியது, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

பெரும்பாலான லேப்கள் சிவப்பு வந்ததும் கைதட்டிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கூழ்மத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் உப்புக் கரைசலும் இன்னொன்றில் சர்க்கரைக் கரைசலும் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லுங்கள். உப்பு போட்டது ஊதாவாகி நீலத்துக்கு மாறும். சர்க்கரை போட்டது அப்படியே இருக்கும். துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் சிட்ரேட்டின் எதிர்மின்சுமைதான் அவற்றை விலக்கி வைத்திருந்தது. உப்பின் அயனிகள் அந்த மின்சுமையை மறைத்துவிடுகின்றன, துகள்கள் கூடிக்கொள்கின்றன. சர்க்கரை அயனியாகப் பிரியாது. உப்புச் சோதனையை மட்டும் செய்தவர் 'எதையோ கலந்தால் நிறம் மாறும்' என்று எழுதுவார். இரண்டையும் செய்தவரால் காரணத்தைப் பிரித்தெடுக்க முடியும். மருத்துவச் சோதனைப் பட்டைகளில் தோன்றும் சிவப்புக் கோடு பெரும்பாலும் இதே தங்கத் துகள்கள்தான் என்பதை அப்போது சொல்லலாம். ஃபாரடே 1857-இல் இப்படித் தங்கக் கூழ்மங்கள் செய்தார். அவர் செய்து வைத்த குப்பிகள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் இருக்கின்றன. தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு அடர்த்தி. ஏன் அடியில் படிந்துவிடவில்லை என்று வைவாவில் கேளுங்கள்.

இரண்டாவது, எண்ணெய்ப் படலம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டன் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டபோது அரை ஏக்கர் நீர்ப்பரப்பில் அலை அடங்கியது என்று 1774-இல் எழுதினார். 5 மில்லிலிட்டரை 2000 சதுர மீட்டரால் வகுத்தால் 2.5 நானோமீட்டர். அவர் அந்த வகுத்தலைச் செய்யவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து இயற்பியலாளர் ராலே செய்தார். ஏறக்குறைய அதே காலத்தில் ஆக்னஸ் போக்கெல்ஸ் என்ற பெண் எந்தக் கல்லூரியிலும் இல்லாமல், தன் வீட்டுச் சமையலறையில் தகரத் தொட்டி ஒன்றை வைத்துக்கொண்டு நீர்ப்பரப்பின் இழுவிசையை அளந்துகொண்டிருந்தார். ராலேக்கு அவர் எழுதிய கடிதம் 1891-இல் நேச்சர் இதழில் வந்தது. லேப் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் இவரை இழுத்தேன். நீங்கள் செய்ய: ஒலியிக் அமிலத்தை ஆல்கஹாலில் 2000-இல் 1 பங்காகக் கரைத்து, நுண்பொடி தூவிய தண்ணீர்த் தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். பொடி விலகி ஒரு சாண் அகல வட்டம் திறக்கும். சொட்டின் கனஅளவும் வட்டத்தின் பரப்பும் தெரிந்தால் ஒரு மூலக்கூறின் நீளம் கையில்.

மூன்றாவது, எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுத் தரவு. கருவி உங்களிடம் வேண்டாம். கருவி உள்ள ஆய்வகத்திடமிருந்து மூலத் தரவுக் கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள், தயாரான வரைபடத்தை அல்ல. முகட்டின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாட்டால் துகள் அளவைக் கணக்கிடுவது ஒரு பயிற்சி. தங்கத்தின் 38.2 டிகிரி முகட்டின் அகலம் 0.8 டிகிரி என்றால் விடை சுமார் 10.5 நானோமீட்டர். அகலத்தை ரேடியனாக மாற்ற மறந்தவருக்கு 0.18 நானோமீட்டர் வரும். அது ஒரு தங்க அணுவைவிடச் சிறியது! இந்த விடையை எழுதி அடிக்கோடும் போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. நான் மதிப்பெண் குறைப்பது மாற்ற மறந்ததற்கு அல்ல, அணுவைவிடச் சிறிய துகளைப் பார்த்தும் புருவம் உயராததற்கு. இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள்: ஷெரர் தருவது படிகத் துணுக்கின் அளவை. ஒரு துகளுக்குள் பல துணுக்குகள் இருக்கலாம். கருவியாலேயே வரும் அகலத்தைக் கழிக்கவும் வேண்டும். பிராஜெக்ட் அறிக்கைகளில் இந்த இரண்டும்தான் தவறாமல் விடுபடுகின்றன.

கேள்வி: 3 நானோமீட்டர் சில்லில் எது 3 நானோமீட்டர்?

பதில்: பெயர். அடுத்தடுத்த டிரான்சிஸ்டர் கேட்களுக்கு (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் வாயில்களுக்கு) இடையிலான தூரம் அந்தத் தலைமுறையில் 50 நானோமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது.

கேள்வி: ரத்தத்தில் நீந்திப் போய் நோயைக் குணப்படுத்தும் நானோ ரோபோ பற்றி மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஊக்கப்படுத்தவா, தடுக்கவா? (கணினித் துறை ஆசிரியை)

பதில்: ஊக்கப்படுத்தி, கணக்கைக் கொடுங்கள். 1977-இல் இயற்பியலாளர் பர்சல் காட்டியது: ஒரு மைக்ரான் அளவுள்ள பாக்டீரியா நொடிக்கு 30 மைக்ரான் வேகத்தில் நீந்திக்கொண்டிருந்து திடீரென நிறுத்தினால், அதன்பின் வழுக்கிச் செல்லும் தூரம் 0.01 நானோமீட்டர். அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. அந்த உலகில் நிலைமம் என்பதே இல்லை, பாகுநிலைதான் எல்லாம். துடுப்பை முன்னும் பின்னும் ஒரே மாதிரி அசைத்தால் நகரவே முடியாது. திருகு போலச் சுழல வேண்டும், அல்லது வளைந்து நெளிய வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் மாணவர்கள் வரையும் ரோபோ உடனே மாறிவிடும், துடுப்பு போய்ச் சுழலும் வால் வரும்.

டிரெக்ஸ்லரும் ஸ்மாலியும் 2003-இல் இதே பொருள் பற்றி வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். அணுவை அணுவாகப் பொறுக்கி அடுக்கும் இயந்திரம் சாத்தியம் என்றார் டிரெக்ஸ்லர். அணுவைப் பிடிக்கும் விரல்களும் அணுக்களால் ஆனவையே, அவை பருமனாக இருக்கும், ஒட்டிக்கொள்ளும் என்றார் ஸ்மாலி. வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதம் நடத்த இதைவிட நல்ல பொருள் கிடையாது. மருத்துவத்தில் நிஜமாகவே வந்துசேர்ந்தது ரோபோ இல்லை, கொழுப்புப் பொட்டலம். சுமார் 100 நானோமீட்டர் கொழுப்புக் கூட்டுக்குள் அடைத்த புற்றுநோய் மருந்து 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளும் அதே அளவுக் கொழுப்புத் துகளில்தான் உடலுக்குள் போயின.

கேள்வி: நானோ பொடிகளைக் கையாள மாணவர்களுக்கு முகக்கவசம் போதுமா? (ஆய்வக உதவியாளர்)

பதில்: போதாது. இளநிலை லேபில் உலர்ந்த நானோ பொடியைத் திறக்கவே விடாதீர்கள் என்பது என் கறாரான கருத்து. திரவத்தில் தொங்கும் நிலையில் வாங்குங்கள், அல்லது திரவத்திலேயே தயாரியுங்கள். பொடியைத் தவிர்க்க முடியாவிட்டால் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் புகைப்பெட்டிக்குள், பயிற்சி பெற்றவர் மட்டும். மேசையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பெருக்கக் கூடாது. கழிவைத் தனியே சேகரியுங்கள், தொட்டியில் ஊற்றக் கூடாது. காட்மியம் உள்ள குவாண்டம் புள்ளிகளை மாணவர் லேபில் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை, நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

நீண்டு விறைப்பாக இருக்கும் பன்மடிக் கார்பன் நானோ குழாய்கள் எலிகளின் வயிற்றறைப் படலத்தில் கல்நார் போன்ற விளைவை உண்டாக்கியதை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. குட்டையான, சுருண்ட குழாய்கள் அப்படிச் செய்யவில்லை. அதே கார்பன், வடிவம் மட்டும் வேறு. இதையும் பாடத்திலேயே சேர்க்க வேண்டும். கடைசி வாரம் நேரம் இருந்தால் பார்க்கலாம் என்று ஒதுக்கும் விஷயம் இல்லை.

கேள்வி: தேர்வில் எப்படிக் கேட்பது? 'நானோ தொழில்நுட்பத்தின் பயன்பாடுகளை விவரி' என்றால் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறார்கள்.

பதில்: எழுதத்தான் செய்வார்கள், அதற்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுமில்லையே. நான் கேட்ட ஒரு வினாவைத் தருகிறேன்: 'ஒரு பொடியில் எடைக்குச் சரிபாதி 50 நானோமீட்டர் துகள்கள், மறுபாதி 1000 நானோமீட்டர் துகள்கள். இது நானோ பொருளா?' விட்டம் 20 மடங்கு என்றால் எடை 8000 மடங்கு. ஒவ்வொரு பெரிய துகளுக்கும் 8000 சிறிய துகள்கள் இருக்கின்றன. எண்ணிக்கைப்படி பார்த்தால் கிட்டத்தட்ட முழுவதும் நானோ, எடைப்படி பாதி. விற்பவர் எந்தக் கணக்கைச் சொல்வார், ஒழுங்குமுறை அதிகாரி எந்தக் கணக்கைக் கேட்பார், உங்கள் பயன்பாட்டுக்கு எது முக்கியம்? புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதட்டும், ஆட்சேபணை இல்லை.

கேள்வி: நான்கு ஆண்டு நானோ தொழில்நுட்பப் பட்டமே படிக்கலாமா, அல்லது வேறு துறை எடுத்து இதை எலெக்டிவாக வைத்துக்கொள்ளலாமா? (பள்ளி முடித்த மாணவர்)

பதில்: என் வாக்கு இரண்டாவதற்கு. வேதியியல், மின்னணுவியல், உலோகவியல் இவற்றில் ஒன்றில் கால் ஊன்றியவரால்தான் 'எந்தப் பண்புக்கு?' என்று கேட்க முடியும். முழுப் பட்டம் நடத்தும் நண்பர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் தரப்பை எழுதி அனுப்பினால் இந்தப் பகுதியிலேயே போடுகிறேன்.

கேள்வி: முதல் வகுப்பில் ஃபைன்மன் வேண்டாம் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தீர்கள். அவர் மேல் என்ன கோபம்?

பதில்: கோபமே இல்லை. மிகச் சிறிய அளவில் பொருட்களைச் செய்வது பற்றி 1959 டிசம்பர் 29 அன்று கால்டெக்கில் இயற்பியலாளரான அவர் பேசிய பேச்சை, மூன்று வாரம் கணக்குப் போட்ட பிறகு படித்தால் இன்னும் ருசிக்கும். அந்தப் பேச்சில் அறிவித்த இரண்டு பரிசுகளின் கதையைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். ஒவ்வொன்றும் 1000 டாலர். அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு கனசதுரத்துக்குள் அடங்கும் மின்மோட்டார் ஒன்று. புத்தகப் பக்கம் ஒன்றை 25,000 மடங்கு சுருக்கி எழுதுவது மற்றொன்று. மோட்டார் பரிசை வில்லியம் மக்லெல்லன் என்ற பொறியாளர் 1960-லேயே வாங்கிவிட்டார், அதுவும் சாதாரணக் கருவிகளையும் பொறுமையையும் வைத்தே. ஃபைன்மனுக்கு ஏமாற்றம். புதிய உற்பத்தி முறை ஒன்று பிறக்கும் என்று எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது கைத்திறன். இரண்டாவது பரிசுக்கு 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டான்ஃபோர்டில் டாம் நியூமன் எலெக்ட்ரான் கற்றையால் எழுதினார். முதலாவதற்குச் சில மாதங்கள், இரண்டாவதற்குக் கால் நூற்றாண்டு. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டுவிட்டு நான் உட்கார்ந்துவிடுவேன், மிச்சத்தை வகுப்பு பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: நிர்வாகம் ஒரே ஒரு கருவி வாங்கித் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. அணுவிசை நுண்ணோக்கி கேட்கட்டுமா? (மீண்டும் அதே துறைத் தலைவர்)

பதில்: வேண்டாம். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர்தான் அதைத் தொட முடியும், மற்றவர்கள் திரையை வேடிக்கை பார்ப்பார்கள். பரப்பைத் தடவிப் பார்க்கும் அதன் ஊசி முனை உடைந்தால் அன்றைய லேப் முடிந்தது. புறஊதா-கட்புலன் நிறமாலைமானி கேளுங்கள். தங்கக் கூழ்மத்தின் 520 நானோமீட்டர் உறிஞ்சல் முகடு, உப்பு விட்டதும் அது அகன்று சிவப்புப் பக்கம் நகர்வது, துத்தநாக ஆக்சைடு துகள் சிறிதாகும்போது உறிஞ்சல் விளிம்பு நீலப் பக்கம் போவது எல்லாம் அதில் தெரியும். ஒரு அளவீட்டுக்கு ஓரிரு நிமிடம்தான் ஆகும், முழு வகுப்பும் கை வைக்கலாம். வேதியியல் துறையும் பங்குக்கு வரும், அதனால் கோரிக்கைக் கடிதத்தில் அவர்களின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். மாதிரியை ஊற்றி வைக்கும் குவெட்களைக் கூடுதலாகவே கேளுங்கள், முதலில் உடைவது அவைதான்.